புதிதாக வருபவரிடம் பத்து சென்ட்டில் தொடங்கச் சொல்லுங்கள்

'விவசாயம் செய்யப் போகிறேன்' என்று ஊருக்கு வருபவர்களை இப்போது எல்லா மாவட்டங்களிலும் பார்க்கிறோம். நகரத்து வேலையை விட்டு வருபவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், பணி ஓய்வு பெற்றவர், பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து வெள்ளையடித்துக் குடிவந்தவர் என்று பலரும் இதில் உண்டு. அவர்களில் ஒருவராவது உங்கள் கிணற்று மேட்டுக்கோ, வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கோ வந்து நின்றிருப்பார். 'எனக்கு ஒன்றுமே தெரியாது, எங்கிருந்து தொடங்கட்டும்?' என்று கேட்டிருப்பார்.

இந்தக் கேள்விக்கு அவருக்குக் கிடைக்கும் பதில்களைப் பாருங்கள். 'விலை ஏறுவதற்குள் மூன்று ஏக்கர் வாங்கிப் போடுங்கள்' என்பார் தரகர். 'முதலில் போர் போட்டுவிடுங்கள்' என்பார் பக்கத்துத் தோட்டக்காரர். எந்தத் திட்டத்தில் என்ன மானியம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். செல்போன் காணொளியோ, ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று ஒரு புதுப் பயிரைக் காட்டும். 'முதல் ஒரு வருடம் வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட்டில் உங்கள் அடுப்புக்கு வேண்டியதை மட்டும் விளைவியுங்கள். நிலம் வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்' என்று சொல்பவர் அரிது. சரியான பதில் இதுதான். அதைச் சொல்லக்கூடியவர்களும் விவசாயிகளான நீங்களும், விரிவாக்கப் பணியில் இருக்கும் நீங்களும்தான். ஏனென்றால், அவர் சிறிதாகத் தொடங்கினால் மற்றவர்களுக்குத் தரகும் இல்லை, வியாபாரமும் இல்லை.

தோற்றுப்போனால் நஷ்டம் யாருக்கு?

'அவர் பணம், அவர் பாடு' என்று விட்டுவிட முடியாது. தெரியாமல் பெரிதாகத் தொடங்கியவரின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். முதல் வருடம் நிலம், கம்பிவேலி, ஆழ்துளைக் கிணறு, மோட்டார் என்று கையிருப்பு முழுவதும் போய்விடும். இரண்டாம் வருடம் நாற்றுப் பண்ணையில் வாங்கிய மரக்கன்றுகளை நிலம் முழுக்க நட்டுவிடுவார். மூன்றாம் வருடம் கோடையில் தண்ணீர் இறங்கும். களையெடுக்க ஆள் கிடைக்காது. வாரம் ஒருமுறை வந்தவர் மாதம் ஒருமுறை வருவார். கடைசியில் கேட்டில் பூட்டுத் தொங்கும்.

பூட்டிய வேலிக்குள் சீமைக்கருவேலம் முளைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டே வருடத்தில் அது காடாகும். காட்டுப்பன்றி நடமாடும் ஊராக இருந்தால் பகலில் அங்கே படுத்துக்கொண்டு இரவில் உங்கள் கடலையைத் தோண்டும். அவர் நிலத்து வழியே வரும் வாய்க்காலைத் தூர்வார ஆள் இருக்காது. ஏழெட்டு வருடம் கழித்து அந்த நிலம் மனைக்கற்களோடு விற்பனைக்கு வரும். சோளமும் கடலையும் விளைந்த ஒரு துண்டு நிலம் அத்தோடு விவசாயத்திலிருந்து போய்விடும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. 'அவ்வளவு படித்தவர், அவ்வளவு பணம் போட்டவர், அவராலேயே முடியவில்லை' என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிடும். அதைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகள், விவசாயம் உருப்படாது என்பதற்கு அதையே சாட்சியாகச் சொல்வார்கள்.

அந்தப் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூட வேனிலும் கல்லூரி விடுதியிலுமாக வளர்ந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்கு மடை மாற்றத் தெரியுமா? எந்தக் கீரை எந்தப் பட்டத்தில் நன்றாக வரும் என்று நம் பெண்ணுக்குத் தெரியுமா? நிலம் அவர்கள் பெயருக்கு வரலாம். தொழில் அப்படித் தானாக வராது. நாளை அவர்கள் ஊர் திரும்பினால் அவர்களும் ஒன்றும் தெரியாத புதியவர்கள்தான். ஆகவே வெளியூர்க்காரருக்குச் சொல்லும் அதே யோசனையை உங்கள் வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏன் பத்து சென்ட்?

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி, ஏறத்தாழ 405 சதுர மீட்டர். ஒரு கணவனும் மனைவியும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வேலை செய்து, கூலி ஆள் இல்லாமலே பார்த்துக்கொள்ளக்கூடிய அளவு இது. மூலை முடுக்கெல்லாம் தினமும் கண்ணில் படும். எந்தச் செடியின் இலை சுருண்டது, எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கியது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்குத் தினமும் 20,000 லிட்டர் வேண்டும். மூன்று சென்ட் காய்கறிக்கு 600 லிட்டர் போதும். மூடாக்குப் போட்டு, செடிக்குச் செடி ஊற்றினால் இதுவும் குறையும். இருபதாயிரம் லிட்டருக்குப் பூமியைத் துளைத்தாக வேண்டும். அறுநூறு லிட்டரை வீட்டுக் கிணறே கொடுத்துவிடும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாழைக்கும் பப்பாளிக்கும் போய்ச் சேரும்.

கூரையில் விழும் மழையையும் மறக்க வேண்டாம். தமிழகத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மி.மீ.; அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழை. 600 சதுர அடிக் கூரையில் 900 மி.மீ. மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 40,000 லிட்டர் கிடைக்கும். அதைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்பிவிட்டால் கோடைக்குக் கைகொடுக்கும்.

தவறுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதியவர் தவறு செய்யாமல் இருக்க மாட்டார். விதையை ஆழமாகப் புதைப்பார். மக்காத சாணத்தைப் போட்டுச் செடியைக் கருக்குவார். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகும். பத்து சென்ட்டில் ஒரு தவறுக்குச் சில நூறு ரூபாய் போகும், பாடம் கிடைக்கும். ஐந்து ஏக்கரில் அதே தவறு சேமிப்பைக் கரைத்துவிடும்.

சித்திரையில் நிலம் பாருங்கள்

இந்த ஒரு வருடத்தில் அவர் நிலம் தேடிக்கொண்டே இருக்கலாம். எப்போது, எப்படிப் பார்ப்பது என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தரகர் மார்கழியிலும் தையிலும்தான் கூட்டிப்போவார். அப்போது கிணறு நிறைந்திருக்கும், வரப்பெல்லாம் பச்சையாக இருக்கும். நிலத்தைச் சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசி மழையில் ஒருமுறையும் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரையில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்பது தெரியும். ஐப்பசியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, பாதை சேறாகி வண்டி போகுமா என்பது தெரியும். கோவை, திருப்பூர்ப் பக்கம் ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டும் வந்த ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி அந்தப் பகுதி விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். பக்கத்துக் கிணறுகளின் கோடை நிலவரத்தை விசாரிக்காமல் வாங்கும் நிலம் சூதாட்டம்.

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புல வரைபடம் இவற்றைப் பார்ப்பதோடு பாதை எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 'இந்த வழியாகத்தான் காலம் காலமாகப் போகிறோம்' என்ற வாய்ப்பேச்சு, நிலம் கைமாறியதும் செல்லாமல் போவதை ஊரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பஞ்சமி நிலமா என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும். 1892-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கென ஒதுக்கத் தொடங்கப்பட்ட இந்த நிலங்களை மற்றவர்கள் வாங்குவது செல்லாது; அது அந்த மக்களின் உரிமையும்கூட. விலை குறைவு என்று யாராவது காட்டினால், வாங்க வேண்டாம் என்று உள்ளூர்க்காரரான நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும்

மண் பரிசோதனையைப் பேச்சளவில் எல்லோரும் சொல்கிறோம். மாதிரி எடுப்பதை அருகில் நின்று காட்டுபவர்கள் குறைவு. பத்து சென்ட்டில் ஐந்தாறு இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் ஒரே கனத்தில் மண் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களை ஒதுக்கி ஒதுக்கி அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். மரம் வைக்கும் இடத்தில் மூன்று அடி ஆழம் வரை தனியாக மாதிரி எடுக்க வேண்டும். பாசனத் தண்ணீரில் ஒரு லிட்டரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் உப்பு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

முடிவு வந்ததும் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் அநேகமாக எந்தக் காய்கறியும் வரும், உப்பு நிலை 1-க்குள் இருந்தால் கவலை இல்லை, 8.5-ஐத் தாண்டிய களர் என்றால் ஜிப்சம் இட்டுச் சீர்திருத்தும் வேலை முதலில் என்று வாயால் விளக்குங்கள்.

பிறகு மண்ணுக்குச் சோறு போட வேண்டும். கோடை மழை கிடைத்ததும் 10 சென்ட்டுக்கு 2 கிலோ தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ 45 நாளில் மடக்கிவிடலாம். பலதானிய விதைப்பும் நல்லது. மக்கிய தொழு உரம் ஏக்கருக்கு 10 டன் என்பது பரிந்துரை. பத்து சென்ட்டுக்கு ஒரு டன். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் எல்லாம் நல்லவைதான். ஆனால் மண்ணில் மக்குப் பொருளே இல்லாமல் அவற்றை மட்டும் ஊற்றி அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று புதியவருக்குச் சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு.

பத்து சென்ட்டைப் பிரிக்கும் விதம்

எல்லோருக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது. ஆனாலும் தொடக்கத்துக்கு ஒரு பங்கீடு இருந்தால் நல்லது. மூன்று சென்ட் காய்கறி, கீரை. மூன்று சென்ட் பழமும் மரமும். மூன்று சென்ட்டில் உளுந்து, பாசிப்பயறு, கடலை, எள் என்று மாற்றி மாற்றி ஒரு பயிர். மீதி ஒரு சென்ட் எருக்குழிக்கும் கோழிக்கும்.

காய்கறியில் எளிதானவற்றை முதலில் கொடுங்கள். கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். அந்த வேகம் புதியவருக்கு நம்பிக்கை தரும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கொத்தவரை, அவரை, வேலியில் ஏறும் பீர்க்கு, சுரை, புடலை ஆகியவை நேரடி விதைப்பில் வருபவை. நாற்று விட்டு நடும் தக்காளி, கத்தரி, மிளகாய் இரண்டாவது பட்டத்துக்கு இருக்கட்டும். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் போன்றவற்றைச் சமவெளியில் முதல் வருடமே முயன்று மனம் உடைய வேண்டாம்.

மரங்களில் இரண்டு முருங்கை, ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, இரண்டு கறிவேப்பிலை, நாலைந்து பப்பாளி, கழிவுநீர் போகும் இடத்தில் ஐந்தாறு வாழை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை விதைத்த ஆறாம் மாதமே காய்க்கும். நன்றாகப் பராமரித்த மரம் ஆண்டுக்கு இருநூறு காய்க்கு மேல் கொடுக்கும். மரங்களை வடக்கு ஓரமாக வைத்தால் காய்கறிப் பாத்தியில் நிழல் விழாது.

இதில் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி என்றால் நான்கு பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 440 கிலோ வேண்டும். ஏக்கருக்கு 5 டன் என்று குறைவாகவே வைத்தாலும் சென்ட்டுக்கு 50 கிலோ. மூன்று சென்ட்டில் இரண்டு பட்டத்துக்கு 300 கிலோ. வேலியில் ஏறும் கொடியும் முருங்கையும் பாக்கியை ஓரளவு ஈடுகட்டும். கடைக்குப் போகும் பை பாதியானாலே முதல் வருடம் வெற்றிதான்.

பட்டம் தெரிந்தவர் நீங்கள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. தூத்துக்குடி, விருதுநகர் கரிசல் மானாவாரியில் புரட்டாசிதான் விதைப்புக் காலம். ஆற்றுப் பாசனத்தில் அணை திறக்கும் நாளை வைத்து எல்லாம் மாறும். பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே பத்து நாள் வித்தியாசம் இருக்கும். கோவையில் எடுத்த காணொளியைப் பார்த்து ராமநாதபுரத்தில் விதைப்பவருக்கு இந்த வித்தியாசத்தை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

பூச்சி விஷயமும் அப்படியே. இலையில் ஓட்டை விழுந்ததும் மருந்துக்கடைக்கு ஓடுவதுதான் புதியவரின் முதல் பழக்கம். காலையில் இலையைத் திருப்பிப் பார்க்கவும், முட்டைக் குவியலைக் கையால் நசுக்கவும், பொறிவண்டைப் பார்த்தால் சும்மா விடவும் பழக்குங்கள். தேவைப்பட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும். அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, 10 லிட்டர் ஆக்கி மாலையில் தெளிக்கலாம்.

கற்றுக்கொடுப்பவர் நிலம் வைத்திருக்கும் ஆண்களாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. எந்தக் களை விதை விழுவதற்குள் போக வேண்டும், எந்தக் காயை விதைக்கு விட வேண்டும், விதையைச் சாம்பல் கலந்து எப்படிப் பானையில் வைக்க வேண்டும் என்பவை ஊரில் களையெடுக்கப் போகும் அக்காக்களுக்கும் பாட்டிகளுக்கும்தான் நன்றாகத் தெரியும். அவர்களிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அரை நாள் கூட்டிவந்து கற்றுக்கொண்டால் அரை நாள் கூலியைக் கொடுக்கவும் சொல்லுங்கள்.

கோழி முதலில், மாடு கடைசியில்

பண்ணை என்றதும் மாடு வாங்கிவிடத் துடிப்பார்கள். மாடு வந்துவிட்டால் விடுமுறை கிடையாது. மாட்டுப் பொங்கலன்றும் சாணி அள்ளியாக வேண்டும். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் பால் கறக்க ஆள் தேட வேண்டும். முதல் வருடம் ஐந்து நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் போதும். குஞ்சுக்கு 7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் தடுப்பூசி. இதை விட்டால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இரண்டாம் வருடம் இரண்டு வெள்ளாடு வாங்கலாம். அதற்கு முன்பே வேலியில் அகத்தி, கிளுவை, சூபாபுல் வளர்ந்திருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி போடும் காலத்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். தீவனமும் தண்ணீரும் உறுதியான பிறகுதான் மாடு.

'பத்து சென்ட் சோறு போடுமா?'

இதைப் படிக்கும்போதே உங்களில் பலருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கும். போடாது. பத்து சென்ட்டை நம்பிப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட முடியாது. அதனால்தான் முதல் வருடம் வேறு வருமானம் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்கிறேன். வேலையை விடுவது, கடன் வாங்குவது, நகையை அடகு வைப்பது எல்லாம் முதல் வருடத்தில் கூடாது.

'பெரிதாகச் செய்தால்தானே லாபம்?' என்பது அடுத்த கேள்வி. பெரிதாகச் செய்து லாபம் எடுக்கத் தலைமுறை அனுபவம் உள்ள நீங்களே விலையிலும் ஆள் கூலியிலும் தடுமாறுகிறீர்கள். ஒரு பட்டம்கூடப் பார்க்காதவர் அதே சந்தையில், அதே விலைக்கு எப்படித் தாக்குப்பிடிப்பார்? வீட்டுக்கு விளைவிப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சந்தையில் தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்குச் சரிந்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. நூறு ரூபாய்க்கு ஏறினாலும் அவர் சட்டியில் தக்காளி இருக்கும்.

'நம்மாழ்வார் ஐயா சொன்னதைக் கேட்டுத்தான் வந்தேன்' என்று சொல்லும் இளைஞர்கள் நிறையப் பேர். நல்லது. அவர் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, பிறகு ஊர் ஊராக நடந்து விவசாயிகளிடமும் கற்றவர் என்பதையும் அந்த இளைஞர்களுக்கு நினைவூட்டுங்கள்.

நிலம் வாங்க வழியே இல்லாதவருக்கும் இந்தப் பாதை திறந்திருக்கிறது. இரண்டு மூன்று சென்ட் வீட்டு மனையில் குடியிருக்கும் கூலிக் குடும்பத்துக்கும் இதே கணக்கைச் சுருக்கிச் சொல்லலாம். ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு அவரைப் பந்தல், இரண்டு கீரைப் பாத்தி, நாலு கோழி என்றாலே அந்த வீட்டுச் சாப்பாடு மாறிவிடும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

உங்கள் வேலைச் சுமை தெரியாமல் சொல்லவில்லை. ஒரு உதவி அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. திட்ட இலக்கு, பதிவேடு, கணினிப் பதிவு என்று நாள் போய்விடுகிறது. இருந்தாலும் புதிதாக ஒருவர் வந்தால் மானியப் பட்டியலை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சித்திரையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? தினமும் மண்ணில் வேலை செய்யப் போவது யார்? ஒரு வருடம் விளைச்சலே இல்லாவிட்டாலும் குடும்பம் நடக்குமா? மூன்றுக்கும் பதில் இல்லாதவருக்கு மானியம் உதவியாக இருக்காது. தண்ணீர் இல்லாத நிலத்தில் முழு மானியத்தில் போட்ட சொட்டுநீர்க் குழாய் வெயிலில் காய்ந்து வெடிப்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. செய்துகாட்டிக் கற்பிப்பது, செய்துபார்த்துக் கற்பது என்பதே அந்த நிலையங்களின் அடிப்படை. இன்று அங்கே நடப்பவற்றில் ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகளே அதிகம். காளான், தேனீ என்று தொழில் கற்க அது உதவும். விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு பட்டம் முழுக்கப் பார்த்தால்தான் புதியவருக்குப் பிடிபடும். ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை என்று ஆடியிலிருந்து ஆனி வரை பன்னிரண்டு நாள், பத்து சென்ட் மாதிரித் தோட்டத்தில் கையால் வேலை செய்து கற்கும் பயிற்சி ஒன்றை நிலையங்கள் தொடங்கலாம். அட்மா திட்டத்தின் பண்ணைப் பள்ளிகளில் இரண்டு இடங்களைப் புதியவர்களுக்கு ஒதுக்கலாம். இதற்குப் புதுக் கட்டடமோ புது ஒதுக்கீடோ பெரிதாக வேண்டியதில்லை.

பயிற்சிக்கு வருபவரிடம் ஒரு நோட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். என்று என்ன விதைத்தார், எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு தண்ணீர், எத்தனை கிலோ விளைச்சல், எது செத்தது, ஏன் செத்தது என்று எழுதட்டும். ஒரு வருடம் கழித்து ஒரு ஏக்கர் வாங்கலாமா, குத்தகைக்கு எடுக்கலாமா, பத்து சென்ட்டோடு நிற்கலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து நீங்களும் அவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். 'இது எனக்குச் சரிப்படாது' என்று ஒருவர் பத்து சென்ட்டிலேயே தெரிந்துகொண்டு சேமிப்போடு திரும்பிப் போனால், அதுவும் நீங்கள் செய்த உதவிதான்.

விவசாயிகளுக்கு

உங்களிடம் கேட்பவை மூன்று. புதியவர் நிலம் வாங்க அவசரப்பட்டால், தரகர் யாராக இருந்தாலும், ஒரு கோடை பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அவர் பத்து சென்ட்டில் தொடங்கினால் பட்டம் வரும்போது ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். முடிந்தால் ஒரு பிடி நாட்டு விதையும் கொடுங்கள். உங்கள் வீட்டிலேயே படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பையனோ பெண்ணோ இருந்தால், கொல்லைப்புறத்தில் மூன்று சென்ட்டை அளந்து அவர்கள் பொறுப்பில் விடுங்கள். என்ன விதைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். விளைந்ததை விற்றால் பணத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஆடி பிறப்பதற்குள் இதைச் செய்துவிடுங்கள். தக்கைப்பூண்டு மடக்கிய மண் மக்க இரண்டு வாரம் வேண்டும். அதற்கு வைகாசியிலேயே விதை விழுந்திருக்க வேண்டும்.